தாலிக்கு மீண்டும் வரியா?

அய்யா துணை

பாடம்: கடன் இல்லாத கல்யாணம்

பெண்ணுக்கு வரன் அமைந்தது என்ற செய்தி வந்தால் வீட்டில் முதலில் சந்தோஷம் பொங்குகிறது. அன்று இரவே கணக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மண்டபம் எவ்வளவு, பவுன் எத்தனை, பந்திக்கு எத்தனை இலை, யாரிடம் கைமாற்று கேட்பது என்று பெற்றவர்கள் தூக்கம் இழக்கிறார்கள். மகளோ பக்கத்து அறையில் படுத்தபடி அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தன்னால்தானே அப்பாவுக்கு இந்தக் கஷ்டம் என்று அவள் மனம் குன்றுகிறது.

ஒரு நல்ல காரியம் வரும்போது கூடவே பயமும் ஏன் வருகிறது? அய்யா வைகுண்டர் காட்டிய வழியில் நின்று பார்த்தால் அந்தப் பயத்துக்கு என்ன மருந்து? கள்ளக்குறிச்சி வட்டாரத்தையும் கல்வராயன்மலையையும் எடுத்துக்காட்டாக வைத்து இந்தப் பாடம் அதை ஆராய்கிறது.

1. தாலிக்கு வரி இருந்த காலம்

அய்யா வைகுண்டர் வந்த காலத்தில் தென்திருவிதாங்கூரில் ஏழை எளிய மக்கள்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் சுமத்தப்பட்டிருந்தன. உழைக்கும் மண்வெட்டிக்கு வரி. வெட்டும் அரிவாளுக்கு வரி. இந்த வரிகளை அகிலத்திரட்டு அம்மானை 'ஆயம்' என்ற சொல்லால் வரிசையாகக் கூறுகிறது. அந்த வரிசையில் தாலிக்கு வாங்கிய ஆயமும் இருக்கிறது.

தாலிக்கு வரி என்றால் என்ன பொருள்? ஓர் ஏழைப் பெண்ணின் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறுவதற்கு, அந்தக் கல்யாணத்தில் எந்த உறவும் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவனுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று பொருள். வரியோடு ஊழியமும் செய்ய வேண்டும். ஊழியம் என்பது கூலி இல்லாத வேலை. வரியும் ஊழியமும் ஒன்றோடு ஒன்று பிணைந்த இரண்டு கயிறுகள். ஒன்று கழுத்தில் விழுந்தால் மற்றது காலில் விழும்.

1833ஆம் ஆண்டு மாசி 20ஆம் நாள் திருச்செந்தூர்க் கடலிலிருந்து எழுந்தருளிய அய்யா, இந்த மக்களுக்கு முதலில் கொடுத்தது நிமிர்ந்த தலை. குனிந்தே பழகியவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரச் செய்தார்கள். கூலி இல்லாத ஊழியம் கூடாது என்று உணர்த்தினார்கள். காணிக்கை, கைக்கூலி வேண்டாம் என்றார்கள். சாமித்தோப்பில் முத்திரிக்கிணற்றைத் தோண்டச் செய்து, எல்லாரும் ஒரே நீரில் குளிக்கவும் குடிக்கவும் வழி செய்தார்கள். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கிக் காப்பதே தர்மம் என்பது அந்த உபதேசத்தின் சாரம்.

பின்னாளில் அந்த அரசு வரிகள் எல்லாம் ஒழிந்தன. தாலிக்கு வரி கேட்டு வருகிற அதிகாரி இன்று எவரும் இல்லை. ஆனால் மகளின் தாலிக்காக மாதாமாதம் இன்னொருவனுக்குப் பணம் கட்டுகிற தகப்பனார்கள் இன்றும் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள். வாங்குகிறவன் பெயர் வட்டிக்காரன். அந்தக் காலத்தில் அரசன் விதித்த வரியை இந்தக் காலத்தில் குடும்பமே தன்மேல் விதித்துக்கொள்கிறது.

2. மலை சொல்லும் பாடம்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. கீழே நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளைகிற பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. கச்சிராயபாளையத்துக்கு மேலே கோமுகி அணையைத் தாண்டி ஏறினால் கல்வராயன்மலை. வெள்ளிமலைதான் மலைக்குத் தலையூர். அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் சாமையும் தினையும் விதைத்து, கடுக்காயும் தேனும் சேகரித்து வாழ்ந்து வந்தவர்கள்.

அந்த மலை நீண்ட காலம் மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. மலைமக்கள் அவர்களுக்கு வரியும் கொடுத்தார்கள்; ஊழியமும் செய்தார்கள். நாடு 1947ல் சுதந்திரம் அடைந்த பிறகும் அந்த முறை உடனே முடியவில்லை. 1976ல்தான் ஜாகிர் ஆட்சி நீங்கி மலை முழுமையாக அரசின் பொறுப்புக்கு வந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே 1976ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தென்கோடியில் அய்யா எதிர்த்த ஊழியமும் இந்த மலையில் நடந்த ஊழியமும் வேறு வேறு அரசின் கீழ் நடந்தவை. சுமந்த முதுகு ஒன்றுதான்.

ஊழியம் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் கடன் வழியாக அது திரும்பி வர முடியும். அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்று ஒரு குடும்பம் ஏஜெண்டிடம் முன்பணம் வாங்குகிறது. அதைக் கழிக்கச் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகிறது. முன்பணத்தை நம்பி ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டப் போய்ச் சிறைப்பட்டவர்களும் இந்த மலைகளில் உண்டு. முன்பணம் வாங்கும் காரணங்களில் கல்யாணம் முக்கியமான ஒன்று. மூன்று நாள் பந்தலுக்காக மூன்று வருடம் சூளைப் புகையில் நிற்பது அய்யா விடுவித்த ஊழியத்துக்குள் மீண்டும் தானாகவே நடந்து போவதாகும்.

இதே மலைமக்களிடம் கற்றுக்கொள்ள ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அவர்களுடைய பழைய வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பரியம் கொடுக்க வேண்டும். மலையை விட்டு இறங்கினால் வழக்கம் தலைகீழாக மாறுகிறது. பெண்ணைப் பெற்றவர் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே சில மைல் தூரம்தான். அப்படியானால் வரதட்சணை கடவுள் எழுதிய சட்டம் இல்லை என்பது தெளிவு. மனிதர் ஏற்படுத்தியதை மனிதர் மாற்றலாம். பரியமும் கடன் வாங்கிக் கொடுக்கும் அளவுக்குப் போனால் அதுவும் சுமைதான். கொடுப்பவர் யார் என்பது மாறினாலும், மனிதரை விலை பேசினால் இரண்டும் ஒரே தவறு.

3. வட்டியின் கணக்கு

ஒரு தகப்பனார் மகள் கல்யாணத்துக்கு 3 லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் வழக்கில் 'மூணு வட்டி'. அதாவது 100 ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய்.

மாத வட்டி 9,000 ரூபாய். ஆண்டு வட்டி 1,08,000 ரூபாய். மூன்று ஆண்டு வட்டி மட்டும் 3,24,000 ரூபாய். வாங்கிய தொகையைவிட அதிகம் கட்டியாகிவிட்டது. அசல் 3 லட்சம் அப்படியே நிற்கிறது.

இதைக் கூலிக் கணக்கோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுமையாக வேலை கிடைத்து முழுக் கூலியும் வந்தால் 33,600 ரூபாய். இந்தக் கடனுக்கு நான்கு மாத வட்டி 36,000 ரூபாய். ஓர் ஆண்டின் நூறு நாள் உழைப்பு, நான்கு மாத வட்டிக்கே போதவில்லை.

தங்கத்திலும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. 2025ஆம் ஆண்டு பிறந்தபோது சென்னையில் ஒரு பவுன் 57,000 ரூபாய் அளவில் இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. தை மாதத்தில் 'பத்துப் பவுன் போடுகிறோம்' என்று வாய் வார்த்தை கொடுத்தவருக்கு ஐப்பசியில் 3 லட்சத்துக்கு மேல் பாரம் கூடியிருக்கும். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. பவுனில் வாக்குக் கொடுத்ததுதான் தப்பு. ஆகவே எந்த வீட்டாரும் பவுன் எண்ணிக்கையில் வாக்குக் கொடுக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது.

4. ஒரு வீட்டுக் கல்யாணம்: எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். சின்னசேலம் பக்கம் சிறு மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். மகள் செவிலியர் படிப்பு முடித்து வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை சங்கராபுரம் பக்கம். மின்சார வேலை செய்பவர். இரண்டு வீட்டாரும் அய்யாவழி அன்பர்கள்.

நிச்சயம் பேச உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் தாயார் தயங்கித் தயங்கிச் சொன்னார். "எங்க சொந்தத்துல பத்துப் பவுன் போடுறது வழக்கங்க சம்பந்தி. நாங்க கேக்கல. நாலு பேரு கேப்பாங்களேன்னுதான்."

பெண்ணின் பாட்டி அமைதியாகப் பதில் சொன்னார். "கேக்குற நாலு பேரு வட்டி கட்ட வருவாங்களா சம்பந்தி? எம் பேத்தி சம்பாதிக்கிறா. கல்யாணம் ஆனதும் அவ சம்பளம் உங்க வீட்டுக்குந்தான் வரும். நாங்க கடனாளியா நின்னா, அவ மனசு அங்க சந்தோஷமா இருக்குமா? பாதிச் சம்பளத்த இங்க அனுப்பலாமா வேணாமான்னு தினம் வெந்துகிட்டு இருப்பா."

மாப்பிள்ளையின் தகப்பனார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிங்க. ரெண்டு வீடும் கையில இருக்கிறத எடுத்து வைப்போம். அதுக்குள்ள முடிப்போம். அய்யா பாத்துக்குவாரு" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் கல்யாணம் கடனிலிருந்து தப்பியது. திட்டம் என்பது பட்டியல் எழுதுவதில் தொடங்குவதில்லை. இரு வீட்டாரும் ஒருவருக்கொருவர் உண்மை பேசுவதில் தொடங்குகிறது.

பெண் வீட்டார் கையில் 80,000 ரூபாய். மாப்பிள்ளை வீட்டார் கையில் 70,000 ரூபாய். ஆக 1,50,000 ரூபாய். அதற்குள் 250 பேருக்குக் கல்யாணம். அவர்கள் நோட்டில் எழுதிய கணக்கு இதுதான்.

தாலி, 2 கிராம் பொன், மஞ்சள் கயிறு: 26,000
இரு வீட்டாருக்கும் துணிமணி: 20,000
சாப்பாடு, இலைக்கு 120 வீதம் 250 இலை: 30,000
சமையல்காரர் கூலி: 10,000
பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகை: 15,000
அழைப்பிதழ், வண்டி வாடகை: 9,000
மாலை, பூ, தாம்பூலம்: 6,000
பதிவுச் செலவு, படம், நகல்: 1,000
எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கு: 15,000
மணமக்கள் பெயரில் சேமிப்பு: 18,000
மொத்தம்: 1,50,000

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, மொத்தத் தொகை முதலில் முடிவானது. செலவுகள் அதற்குள் அடங்கின. பெரும்பாலான வீடுகளில் செலவை முதலில் எழுதிவிட்டு, குறைகிற பணத்துக்குக் கடன் தேடுகிறார்கள். இரண்டாவது, பத்தில் ஒரு பங்கு எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கப்பட்டது. மழை பெய்தால் தகரப் பந்தல் வேண்டும். கூட்டம் கூடினால் இன்னொரு பந்தி வேண்டும். அந்த ஒதுக்கு இல்லாத வீடுதான் கடைசி இரண்டு நாளில் எந்த வட்டிக்கும் கையெழுத்துப் போடுகிறது. மூன்றாவது, கல்யாணம் முடிந்த மறுநாள் மணமக்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை.

விலைவாசி ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். எண்கள் மாறலாம், முறை மாறாது.

5. குறைக்க வேண்டியவையும் குறைக்கக் கூடாதவையும்

இடம்: மண்டபம் இல்லாமல் கல்யாணம் உண்டு. நிழல்தாங்கல் முற்றத்தில் நடத்தலாம். வீட்டு வாசலில் பந்தல் போடலாம். பெரிய முகூர்த்த நாள்களில் மண்டபம், பூ, சமையல் ஆள் என எல்லாமே விலை ஏறும். தாங்கலில் பணிவிடைக்கு மக்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தால் உறவினருக்கும் வேலை கெடாது. அறுவடை முடிந்த பிறகு நாள் வைத்தால் வீட்டு அரிசியும் காய்கறியும் கைகொடுக்கும்.

சடங்கு: அய்யாவழியில் ஓமகுண்டம் வேண்டாம், தட்சணை வேண்டாம். தாங்கல் பெரியவர் முன்னின்று, அருள் நூலில் உள்ள கல்யாண வாழ்த்தைப் படித்து, மணமக்களுக்குத் திருநாமம் இட்டு நடத்துகிறார். காணிக்கை கேட்காத வழி இது. செல்வந்தர் வீட்டுக் கல்யாணத்துக்கும் கூலிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அதே வாழ்த்து, அதே நாமம். வாழ்த்தில் மலிவும் விலை உயர்வும் கிடையாது.

பந்தி: சைவச் சாப்பாடு, ஒரே பந்தி, எல்லாருக்கும் ஒரே இலை. சமையலில் அளவு தெரிந்தால் பாதி வீண் குறையும். சோற்றுக்கு 8 பேருக்கு ஒரு கிலோ அரிசி என்பது பழகிய கணக்கு. 250 பேருக்கு 32 கிலோ போதும். சாம்பாருக்கு 100 பேருக்கு 4 கிலோ துவரம் பருப்பு என்றால் 250 பேருக்கு 10 கிலோ. பதினெட்டு வகை வைத்து இலையோடு கொட்டுவதைவிட ஆறு வகையை வயிறாரப் போடுவதே அன்னதர்மம். தெருவில் பசித்து நிற்பவர் யாராவது இருந்தால் முதல் பந்தியிலேயே உட்காரவைக்க வேண்டும். கடைசியில் மிச்சம் போடுவது தர்மம் ஆகாது.

மது: பந்தலுக்குப் பின்னால் 'பசங்களுக்கு' என்று ஒதுக்கும் பணத்தை முழுமையாக அடித்துவிட வேண்டும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அந்தத் தெருக்களில் தாலி இழந்த பெண்களை இந்த மாவட்டம் பார்த்தது. ஒருத்திக்குத் தாலி ஏறுகிற இடத்தில், பலருடைய தாலியை அறுத்த பொருளுக்கு வேலை இல்லை.

துணி, அழைப்பு, படம்: கல்யாணத்துக்குப் பிறகும் கட்டக்கூடிய சேலையே நல்ல சேலை. நெருங்கிய உறவுக்கு நேரில் போய் அழைப்பதும், மற்றவர்களுக்குக் கைபேசியில் அழைப்பு அனுப்புவதும் போதும். துவையல் தவசில் 700 குடும்பங்கள் பகட்டை விட்டு, துவைத்து உடுத்தி, ஒரு வேளை உண்டு தவம் இருந்தார்கள் என்பதை அன்பர்கள் அறிவார்கள். எளிமை அன்றைக்கு வறுமையின் அடையாளமாக இல்லை. தூய்மையின் அடையாளமாக இருந்தது.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. பெண்ணின் சம்மதத்தைக் கேட்பது, பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைவது, பெரியவர்களை மரியாதையோடு அழைப்பது, வந்தவர் பசியாறுவது, திருமணத்தைப் பதிவு செய்வது. 'செலவு மிச்சம், ஒரே பந்தலில் தங்கைக்கும் முடித்துவிடலாம்' என்று வயது நிறையாத பெண்ணைச் சேர்த்து மணம் முடிப்பது பெரும் பாவம், சட்டப்படி குற்றமும்கூட. அப்படி நடப்பது தெரிந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

6. மொய்ப் பணத்தை நம்பலாமா?

'மொய் வந்தால் கடனை அடைத்துவிடலாம்' என்பது பல வீடுகளில் கேட்கும் பேச்சு. மொய் அருமையான வழக்கம். ஊரே சேர்ந்து ஒரு வீட்டைத் தூக்கிவிடுகிற ஏற்பாடு அது. புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளில் கீரமங்கலம், பேராவூரணி சுற்று ஊர்களில் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துவார்கள்.

ஆனால் மொய் திருப்பிச் செய்ய வேண்டிய பணம். மொய் நோட்டில் ஏறும் ஒவ்வொரு பெயரும் நாளைக்கு ஓர் அழைப்பிதழாக வீட்டுக்கு வரும். ஆகவே திட்டம் போடும்போது மொய்யை வரவில் சேர்க்கக் கூடாது. வந்த மொய்யை மணமக்கள் பெயரில் அஞ்சலகத்திலோ வங்கியிலோ போட்டு, நோட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். திருப்பிச் செய்யும் நாள் வரும்போது அந்தச் சேமிப்பிலிருந்தே செய்துவிடலாம். மொய் வைக்க முடியாமல் கூச்சத்தோடு ஒதுங்கி நிற்கும் உறவினர் ஒருவர் எல்லாக் கல்யாணத்திலும் இருப்பார். அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்தியில் உட்காரவைப்பது வீட்டுக்காரரின் கடமை. அவர் பத்துப் பாத்திரம் கழுவிக் கொடுத்திருந்தால் அதுவும் மொய்தான்.

7. சட்டமும் அரசு உதவியும்

புரோகிதர் இல்லாமல் நடக்கும் கல்யாணம் செல்லுமா என்ற ஐயம் சிலருக்கு உண்டு. 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்யும் திருமணம் செல்லும் என்பதே அதன் சாரம். ஆகவே சட்டத்துக்குப் பயந்து செலவைக் கூட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009ன்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் 90 நாள்களுக்குள் பதிந்தால் சிறு கட்டணம்தான். வயதுச் சான்று, முகவரிச் சான்று, படம், அழைப்பிதழ், சாட்சிகள் என்பவற்றை முன்னாடியே தயார் செய்துகொள்ள வேண்டும். பின்னாளில் மனைவிக்கு உரிமை கேட்கவோ, கணவனுக்கு ஏதாவது ஆனால் உதவி பெறவோ அந்தச் சான்றிதழ்தான் கைகொடுக்கும். பத்தாயிரம் ரூபாய் மேடை அலங்காரம் மறுநாள் வாடிவிடும். இந்தத் தாள் ஆயுள் முழுவதும் காக்கும்.

வரதட்சணைத் தடுப்புச் சட்டம் 1961 முதல் இருக்கிறது. வாங்குவதைப் போலவே கொடுப்பதும் குற்றம். பெண்களுக்குத் துன்பம் நேர்ந்தால் 181 என்ற உதவி எண் உண்டு.

ஏழை விதவைத் தாயின் மகளுக்கு ஈ.வெ.ரா. மணியம்மையார் நினைவுத் திருமண நிதியுதவித் திட்டம் இருக்கிறது. தாலிக்கு 8 கிராம் தங்கக் காசும், 25,000 ரூபாயும், பட்டம் அல்லது பட்டயம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் அதில் உண்டு. தாய் தந்தை இல்லாத பெண்களுக்கு அன்னை தெரசா பெயரிலும், விதவை மறுமணத்துக்கு டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் பெயரிலும், கலப்பு மணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலும் திட்டங்கள் இருக்கின்றன. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் நாள் குறிக்கும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும். சில திட்டங்களில், முகூர்த்தம் முடிந்த பிறகு ஓடினால் பயன் இருக்காது.

முன்பு பொதுவாக வழங்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2022ல் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்யாணத்துக்குக் கொடுத்த பணம் படிப்புக்குப் போனது பற்றிச் சிலர் வருந்தினார்கள். யோசித்துப் பார்த்தால், படித்து வேலைக்குப் போகிற பெண் கொண்டுபோகிற சீதனத்தை எந்தத் திருடனும் எடுக்க முடியாது. எந்த அடகுக் கடையிலும் அது மூழ்காது.

முன்பணம் வாங்கி வேலைத்தலத்தில் விடமாட்டாமல் அடைபட்டவர் யாராவது தெரிந்தால், கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுக்க வேண்டும். கொத்தடிமையாக இருந்தவரை விடுவித்து, அந்தக் கடனே செல்லாது என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

8. தாங்கல் என்ன செய்யலாம்?

ஒரு வீடு தனியாக எளிமையாகக் கல்யாணம் செய்தால் 'கஞ்சன்' என்ற பெயர் வரும். ஊரே சேர்ந்து செய்தால் அது வழக்கம் ஆகும். ஆகவே இந்தப் பொறுப்பு தாங்கலுக்கும் உண்டு.

பெரிய அண்டா, குண்டான், கரண்டி, பாய், விரிப்பு ஆகியவற்றைத் தாங்கலின் பொதுச் சொத்தாக வாங்கி வைத்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் வாடகை மிச்சம். இளைஞர்கள் பந்தி பரிமாற முறை போட்டுக்கொள்ளலாம். பெண்கள் காய் நறுக்கவும் மாலை கட்டவும் கூடலாம். மாதம் 100 ரூபாய் வீதம் வீட்டுக்கு வீடு சேர்த்து ஒரு கல்யாண நிதி வைத்து, வட்டி இல்லாமல் கொடுத்து வாங்கலாம். 50 வீடுகள் சேர்ந்தால் ஆண்டுக்கு 60,000 ரூபாய். அது ஒரு பெண்ணின் பந்திச் செலவுக்கும் தாலிக்கும் போதும். கணக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்பட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வசதி உள்ள அன்பர்கள் முன்மாதிரி ஆக வேண்டும். இல்லாதவன் எளிமையாகச் செய்தால் உலகம் இயலாமை என்கிறது. இருப்பவன் தாங்கல் முற்றத்தில் ஒரே இலை போட்டு மகளுக்கு மணம் முடித்தால், அந்த ஊரில் பத்து ஏழைத் தகப்பனார்கள் நிமிர்ந்து நடப்பார்கள். அதுவே தாழக் கிடப்பவருக்கு அவர் செய்கிற பெரிய தர்மம்.

பள்ளியறையில் இருக்கும் கண்ணாடி முன்னால் நிற்பவர் தன் முகத்தைத்தான் பார்க்கிறார். அங்கே பவுன் எத்தனை என்று அய்யா கேட்பதில்லை. கல்யாணம் முடிந்து மணமக்கள் அந்தக் கண்ணாடி முன் வந்து கும்பிடும்போது, அவர்களுக்குப் பின்னால் நிற்கிற பெற்றவர்கள் முகமும் அதில் தெரியும். அந்த முகத்தில் கடனின் கவலை இல்லாமல் இருந்தால் கல்யாணம் நிறைவாக நடந்தது என்று பொருள்.

கூடிப் பேச:

1. தாலிக்கு விதித்த ஆயத்துக்கும் கல்யாணக் கடனின் வட்டிக்கும் உள்ள ஒற்றுமை என்ன?
2. உங்கள் ஊரில் கடைசியாக நடந்த மூன்று கல்யாணங்களில் எந்தச் செலவு அடுத்தவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டது?
3. மகனுக்குப் பெண் பார்க்கும் வீட்டார், 'எதுவும் வேண்டாம்' என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்லத் தடை எது?
4. உங்கள் தாங்கலில் இந்த ஆண்டே வாங்கி வைக்கக்கூடிய பொதுப் பாத்திரங்கள் எவை?

அய்யா உண்டு.